எதுவரை என்று சொல்லாத வேண்டுதல்: விரிஞ்சிபுரத்திலிருந்து ஆற்காட்டுக்கு

டிசம்பர் 15, ஞாயிறு (கார்த்திகை 30). விரிஞ்சிபுரம்

கடை ஞாயிறு. பஸ்ஸை விட்டு இறங்கும்போது மதியம் பன்னிரண்டு. திருவிழாவின் உயிர் அதற்குப் பன்னிரண்டு மணி நேரம் முன்பே முடிந்திருந்தது. வெளியூர்க்காரர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு இது. ‘கார்த்திகை கடைசி ஞாயிறு’ என்று காதில் விழுந்ததும் ஞாயிறு காலையில் கிளம்புவார்கள். சிம்ம தீர்த்தத்தில் முழுகுவது சனிக்கிழமை நள்ளிரவில். பிள்ளை வரம் கேட்டு வரும் பெண்கள் அந்தப் பனியில் முழுகி எழுந்து, ஈரச் சேலையோடு பிராகாரத்தில் படுத்துக்கொள்கிறார்கள். தூக்கத்தில் ஒரு கிழவர் பூவோ பழமோ கொண்டுவந்து கொடுத்தால் கேட்டது கிடைக்கும் என்பது நம்பிக்கை. போக நினைப்பவர்கள் சனி இரவு ஒன்பதுக்குள் இடம் பிடித்துவிடுவது நல்லது. கருங்கல் தரை, தடித்த ஜமக்காளம் வேண்டும். மாற்றுத் துணிப் பையை யாராவது ஒருவர் விழித்திருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் விடியலில் ஐம்பது பைகளுக்கு நடுவே நம் பை எது என்று தேடுவதிலேயே கண்ட கனவு மறந்துபோகும்.

மதியத்துக்கு மிஞ்சியது மதிலோரம் காயும் சேலைகள், வளையல் கடைகள், பொரி, கடலை மிட்டாய், அழுது ஓய்ந்த குழந்தைகள். மதிலைச் சுற்றி நடந்ததில் குறை தெரியவில்லை. ‘விரிஞ்சிபுரம் மதிலழகு’ என்று சும்மா சொல்லவில்லை.

மூலவர் பெயர் மார்க்கபந்து, தமிழில் வழித்துணைநாதர். மைசூர்ப் பக்கமிருந்து காஞ்சிக்கு மிளகுப் பொதி கொண்டுபோன வணிகன் ஒருவன் திருடர் பயத்தில் இங்கே தங்கி ‘துணைக்கு வா’ என்று வேண்டிக்கொள்ள, சாமியே வீரன் வேடத்தில் கூடப் போனதாகக் கதை. பாலாற்றோரமாக ஆற்காடு வரை, ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர் நடப்பது இந்தப் பயணத் திட்டம். கூட வருவதாக இருந்தவர் முந்தின இரவு கால் சுளுக்கென்று நின்றுவிட்டார். ஆகவே சன்னிதியில் ஒரு வாக்கியம்: “வழிக்கு ஒரு துணை கொடு சாமி, நாளைக்கு ஓர் ஆழாக்கு மிளகு காணிக்கை.”

அந்த வாக்கியத்தில் இரண்டு ஓட்டை இருப்பது மறுநாள் இரவு வரை தெரியவில்லை.

கோயில் வாசல் டீக்கடையில் ஒரு டீ சொன்னதற்கு இரண்டு வந்தது. இருபத்துநாலு ரூபாய். “ஒண்ணுதானே சொன்னேன்” என்றதற்குக் கடைக்காரர் பெஞ்சின் மறுமுனையைக் கண்ணால் காட்டினார். அங்கே ஒரு கிழவர், காலைத் தொங்கவிட்டுக் குந்தியிருந்தார். கக்கத்தில் சுருட்டிய கம்பளி, கையில் மூங்கில் தடி, மடியில் ஏதோ முடிச்சு. கிட்டே போனால் மிளகு வாசனை. டீயைக் குடிக்கவில்லை, ஆவியை மட்டும் முகர்ந்துவிட்டுக் கிளாஸைத் தள்ளி வைத்தார்.

“காலைல ஏழு மணிக்கு மணிக்கல்லாண்ட வந்துடு நைனா” என்றார்.

டிசம்பர் 16, திங்கள் (மார்கழி 1). விரிஞ்சிபுரம், பொய்கை

நாலரைக்கே ஒலிபெருக்கியில் திருப்பாவை. தொன்னையில் வெண்பொங்கல், அள்ளும் கைக்கு நெய் ஒட்டியது. முழு மிளகாகப் போட்டிருந்தார்கள். ஓரமாக ஒதுக்கி வைக்கிறவர்களைப் பார்த்தால் இனிமேல் கொஞ்சம் கோபம் வரும் போலிருக்கிறது.

மணிக்கல் பற்றி விவரமாகச் சொல்ல வேண்டும். கல்லில் அரைவட்டமாக எண்கள் செதுக்கியிருக்கிறது. மேலே உள்ள பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால், அதன் நிழல் விழும் எண்தான் மணி. விளக்குமாற்றுக் குச்சி போதும். ஆனால் நேரானதாக, பள்ளத்தில் ஆடாமல் படிகிறதாக இருக்க வேண்டும். கோணல் குச்சியை வைத்துவிட்டுக் கல்லைக் குறை சொல்வதில் பயனில்லை. மேகம் இருந்தால் கல் வெறும் கல்.

ஏழு மணி ஆயிற்று, கிழவரைக் காணோம். ஏழு பத்துக்கு வந்தார். தாமதம் என்று சொன்னதற்குத் தடியால் கல்லைத் தட்டினார். நிழல் சரியாக ஏழில்தான் விழுந்திருந்தது.

அவர் பக்கம்தான் நியாயம். நம் கடிகாரங்கள் காட்டும் இந்திய நேரம் எண்பத்திரண்டரை பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. விரிஞ்சிபுரம் இருப்பது எழுபத்தொன்பதில். ஒரு பாகைக்கு 4 நிமிடம். மூன்றரை பாகைக்கு 14 நிமிடம் சூரியன் இங்கே பிந்துகிறது. பூமி ஆண்டு முழுக்க ஒரே வேகத்தில் ஓடுவதில்லை, அச்சும் சாய்ந்திருக்கிறது. அதனால் இந்தக் கணக்கு மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும். டிசம்பர் நடுவில் கல் கைபேசியைவிடச் சுமார் 10 நிமிடம் பின்னால் இருக்கும். பிப்ரவரி நடுவில் 28 நிமிடம். நவம்பர் தொடக்கத்தில் போனால் கல் 2 நிமிடம் முந்தியே காட்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் ‘பழைய கல், தப்பாகக் காட்டுகிறது’ என்று காணொளி போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கிழவர் நடை நெடுஞ்சாலைப் பக்கம் போகவில்லை, ஆற்றுக்குள் இறங்கினார். கைபேசி வரைபடம் அவரோடு ஒத்துப்போகவில்லை. “வண்டி போற வழி அது. பொதி போற வழி இது.”

பாலாற்றின் நீளம் 348 கிலோமீட்டர். நந்தி மலையில் கிளம்பி கர்நாடகத்தில் 93, ஆந்திரத்தில் 33, மிச்சம் 222 தமிழ்நாட்டில். இங்கே அதன் அகலத்தைப் பார்த்தால் பெரிய ஆறு. தண்ணீரைப் பார்த்தால் கணுக்கால் நனைக்கும் இரண்டு ஓடை, நடுவே மணல், மணலில் சீமைக் கருவேலம். மணலில் நடக்க ஒரு முறை இருக்கிறது. ஓடையை ஒட்டிய ஈர மணலில் கால் புதையாது. காய்ந்த மணலில் நடந்தால் அதே தூரத்துக்கு இரண்டு மடங்கு நேரமும் கெண்டைக்கால் வலியும். ஆனால் தண்ணீருக்கு மிகவும் நெருக்கமாகவும் போகக்கூடாது, ஓடை அடியில் அரித்த இடம் மேலே தெரியாது.

பத்து மணி வெயிலில் ஊற்று தோண்டினார். இடம் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை. கோரை பச்சையாக நிற்கும் இடம், அல்லது காலையில் மற்ற மணலைவிடக் கறுத்துத் தெரியும் இடம். நேராகக் கிணறு மாதிரி தோண்டினால் பக்கம் சரிந்து மூடிவிடும். வாய் அகலமாக, அடி குறுகலாக, இட்லிக் குழி போலச் சரிவாக எடுக்க வேண்டும். இரண்டு முழ ஆழத்தில் கசிந்தது. முதலில் ஊறுவது கலங்கல், இறைத்துக் கொட்டு. இரண்டாவதையும் கொட்டு. மூன்றாவது தெளியும். மூன்றாவதைக் கையில் ஏந்தி நாக்கில் வைத்தவர் துப்பினார்.

“தோல் தண்ணி.”

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு என்று மேலே வரிசையாகத் தோல் பதனிடும் ஊர்கள். உப்பும் குரோமியமும் மணலுக்குள் இறங்கியிருக்கின்றன. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் ‘மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும்’ என்ற கொள்கையை நிலைநிறுத்தியது இந்த ஆற்றுக்காகத்தான். இன்றைக்குச் சட்டக் கல்லூரிகளில் பாடம். ஊற்று தோண்டுவது கற்றுக்கொள்ள நல்ல வித்தை. குடிக்க மூன்று லிட்டர் பாட்டிலில் கொண்டுபோங்கள்.

மதியச் சாப்பாடு கரையோர வீட்டு மெஸ்ஸில். கேட்காமலே இரண்டு இலை போட்டார்கள். முள் கத்தரிக்காய் காரக்குழம்பு. இலவம்பாடி இங்கிருந்து பக்கம்தான். காம்பிலும் புல்லிவட்டத்திலும் முள், பச்சையும் ஊதாவும் கலந்த கோடு. 2023இல் வேலூர் முள் கத்தரி என்று புவிசார் குறியீடு வாங்கிய காய். நறுக்காமல் காம்போடு நாலாகக் கீறி, எண்ணெயில் தோல் சுருங்கும்வரை வதக்கியபின்தான் புளி ஊற்ற வேண்டும். முதலிலேயே புளியில் போட்டால் தோல் தடித்துக்கொள்ளும், உள்ளே காரம் ஏறாது. ஒரு சாப்பாடு 90 ரூபாய், இரண்டுக்கு 180. கிழவர் இலையில் மிளகு ரசத்தின் வாசனையைத் தவிர எதுவும் குறையவில்லை. பரிமாறிய அம்மா அந்த இலையைப் பார்த்து “பெரியவருக்குப் புடிக்கலியா?” என்று வருத்தப்பட்டு, ரசத்தை மட்டும் இன்னொரு கரண்டி ஊற்றினார்.

இரவு பொய்கையில். ஐந்து கிலோமீட்டர்கூட நடந்திருக்க மாட்டோம்.

படுக்கப் போகுமுன் கூலிப் பேச்சு வந்தது. “நாளைக்கு ஓர் ஆழாக்குன்னு சொன்னியே, இன்னிக்கோட ஒண்ணு ஆச்சு.” நாளைக்கு என்றால் மறுநாளைக்கு என்று விளக்கிப் பார்த்ததில் பயனில்லை. நாளைக்கு என்றால் நாள் ஒன்றுக்கு. தமிழில் இரண்டும் சரிதான். சாமி தனக்குச் சாதகமானதை எடுத்துக்கொண்டது.

“சரி, எதுவரைக்கும்?” என்றார். ஆற்காடு என்றதும் தலையை ஆட்டினார். “அத்த இப்ப சொல்ற. அங்க சொல்லல.”

டிசம்பர் 17, செவ்வாய் (மார்கழி 2). பொய்கை, வேலூர்

பொய்கையில் செவ்வாய்தோறும் மாட்டுச் சந்தை. தேதி பார்த்து வரவில்லை, அமைந்தது. அல்லது அமைத்தார்.

விடியற்காலை பனிமூட்டத்தில் மாடுகள் முதலில் சத்தமாகத்தான் வந்தன: சலங்கை, இருமல், லாரிப் பலகை இறங்கும் ‘தடால்’. எட்டு மணிக்குள் நல்ல மாடு கைமாறிவிடும். ஒன்பதுக்கு மேல் வருகிறவருக்கு மிச்சமும் விலை குறைப்பும். சந்தைக்குப் போகும் ஆசை இருந்தால் இரண்டு விஷயம் கற்றுக்கொண்டு போகலாம்.

ஒன்று பல். மாட்டின் கீழ்த்தாடையில்தான் முன்பல் இருக்கிறது. பால்பல் விழுந்து நடுவில் இரண்டு பெரிய பல் முளைத்தால் இரண்டு, இரண்டரை வயது; நாலு பல் மூன்று வயதுக்குச் சுமார்; ஆறு பல் நாலை நெருங்கும்; எட்டும் சேர்ந்துவிட்டால் ஐந்து. அதற்குமேல் தேய்மானம் பார்த்துச் சொல்லும் வித்தை, அனுபவம் வேண்டும். மூக்கணாங்கயிற்றை ஒரு கையால் பிடித்து, மறுகைக் கட்டைவிரலைக் கடைவாயில் பல் இல்லாத இடத்தில் விட்டால் வாய் தானாகத் திறக்கும். முன்னால் நின்று உதட்டைத் தூக்கினால் மாடு தலையை வீசும், நம் முன்பல் போகும்.

இரண்டாவது துண்டுப் பேரம். வாங்குகிறவரும் தரகரும் கைகுலுக்குவது போலக் கையைக் கோத்து மேலே துண்டைப் போட்டுக்கொள்கிறார்கள். உள்ளே விரலைப் பிடிப்பதுதான் விலை. மூன்று விரல் என்றால் மூன்று. ஆயிரமா பத்தாயிரமா என்பது மாட்டைப் பார்த்தால் தெரியும். சுற்றி நிற்பவனுக்கு விலை தெரியக்கூடாது என்பதற்காக வந்த வழக்கம். கைபேசிக் கணக்கும் பணம் அனுப்பும் செயலியும் வந்தபின் இளைஞர்கள் வாயாலேயே பேசுகிறார்கள். வயதானவர்கள் துண்டை விடவில்லை.

கிழவர் எருதுகளின் பல்லைப் பார்க்கவில்லை. முதுகைப் பார்த்தார். உள்ளங்கையால் முதுகெலும்பின் இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்து, “பொதி சுமந்த முதுகே இல்ல ஒண்ணும்” என்றார். நாலு பல் எருது ஒன்றுக்குத் தரகர் அவர் கைமேல் துண்டைப் போட வந்தபோது கையை இழுத்துக்கொண்டார். அவரை வாங்குகிறவராகவே அந்த மனிதர் நினைத்திருந்தார். டீ பன்னிரண்டு ரூபாய். இரண்டு கிளாஸ். இனி இதை எழுதப் போவதில்லை.

வேலூருக்குப் பத்துக் கிலோமீட்டர். இடது குதிகாலில் கொப்புளம். ஈரக் காலோடு செருப்புப் போட்டதன் பலன். மணல் ஓடையைத் தாண்டியதும் காலைத் துடைத்து, மணலைத் தட்டி, பிறகே போட வேண்டும். கொப்புளத்தை உடைக்காமல் சுற்றிலும் ஒட்டுத்துணி வளையமாக வைத்தால் மறுநாள் நடக்கலாம்.

கோட்டை முன்னால் நின்று கிழவர், “இது புதுசா இருக்கே” என்றார். பதினாறாம் நூற்றாண்டுக் கோட்டை. அகழியில் தண்ணீர் இருந்தது, ஆற்றில் இருந்ததைவிட நிச்சயமாக அதிகம். தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று வேலூரைக் கேலி செய்வார்கள். மூன்றாவது இப்போது பொய்: ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் 1981 மார்ச்சில் லிங்கத்தைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். கல்யாண மண்டபத் தூண்களைப் பார்க்கக் குறைந்தது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சி நடந்த இடமும் இதே மதிலுக்குள்தான்.

லாங்கு பஜாரில் மிளகு வாங்கியாயிற்று. கிலோ எண்ணூறு ரூபாய்ச் சாக்கு ஒன்று, ஓரமாக அறுநூற்றைம்பதுக்கு இன்னொன்று. பார்வைக்கு இரண்டும் கறுப்பு. “தண்ணில போட்டுப் பாரு” என்று கிழவர் சொன்னார். கடையில் கூட்டம், பின்னால் ஒருவர் முழங்கையால் இடித்துக்கொண்டிருந்தார், தண்ணீர் கேட்க யாருக்கு மனம் வரும்? ஓரத்துச் சாக்கிலிருந்து அரைக் கிலோ, 325 ரூபாய். கிழவர் வேறு எதுவும் சொல்லவில்லை. அதுதான் உறுத்தியிருக்க வேண்டும்.

டிசம்பர் 18, புதன் (மார்கழி 3). வேலூர், ரத்தினகிரி, மேல்விஷாரம்

காலை ஆறு பத்துக்குக் கிளம்பினோம், அவர் கணக்கில் ஆறு. சத்துவாச்சாரி தாண்டியதும் மழை. வடகிழக்குப் பருவமழையின் வால். அடித்துப் பெய்யாது, நிற்கவும் செய்யாது. குடையை ஆற்றில் விரித்தால் காற்று திருப்பிவிடும். உர மூட்டைச் சாக்கு ஒன்றைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொள்ளும் பழைய முறையே சரி: ஒரு மூலையை உள்ளே தள்ளி மறுமூலைக்குள் நுழைத்தால் தலையும் முதுகும் நனையாது, கை இரண்டும் காலி.

பெருமுகைக்குக் கீழே பயணத்தின் மோசமான அரை மணி நேரம். மணல் அள்ளிய பழைய குழி. ஆற்றுக்குள் நடக்கிறவர்கள் அஞ்ச வேண்டியது தண்ணீருக்கு அல்ல, இந்தக் குழிகளுக்கு. மழைத் தண்ணீர் தேங்கி மேலே சமமாகத் தெரியும். விளிம்பில் ஓரடி மணல் கூரை போல நீட்டிக்கொண்டிருக்கும், கீழே ஒன்றும் இருக்காது. அப்படி ஒரு விளிம்பு உடைந்து இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கியாயிற்று. கரையைப் பிடித்து ஏற முயன்றால் பிடித்த மணலே மேலே விழும். எக்குவதை நிறுத்த வேண்டும். உடம்பை மல்லாக்காகச் சாய்த்து, கால் பாரத்தைக் குறைத்து, சரிவு குறைந்த பக்கமாக நகர வேண்டும். கிழவர் அவசரப்படவில்லை. தடியைக் குறுக்காக இரண்டு சீமைக் கருவேல முண்டுக்கு நடுவே செருகி, “அத்தப் புடிச்சிக்கினு படுத்தாப்ல வா” என்றார். வந்ததும் கை முழுக்க முள். தடி ஈரமாகவே இல்லை. அவரும்தான்.

கைபேசி அரிசிப் பானைக்குள் போனது, பிழைத்தது. இருந்தாலும் அரிசி முறை மெதுவானது, தூசும் ஏறும். துணியால் துடைத்து மின்விசிறிக்குக் கீழே ஒருநாள் வைப்பதே மேல்.

ரத்தினகிரியில் படியேறி முருகனைப் பார்த்தபோது மேகம் விலகியது. மேலிருந்து பார்த்தால் பாலாறு இரண்டு ஊருக்கு நடுவே யாரோ மறந்துபோட்ட வேட்டி மாதிரி கிடக்கிறது. கிழவர் மேலே வரவில்லை. அடிவாரத்தில் செருப்புப் பார்த்துக்கொள்ளும் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தார். அவள் செருப்புக்குக் காசு வாங்கவில்லை; “தாத்தா குடுத்துட்டாரு” என்று உள்ளங்கையைக் காட்டினாள். நாலைந்து மிளகு.

மேல்விஷாரத்தில் பிரியாணி. சீரகச் சம்பா, காய்ந்த மிளகாய் ஊறவைத்து அரைத்த விழுது, கூடக் கத்தரிக்காய்த் தால்சா. கிழவர் வாசனை பிடித்து முகம் சுளித்தார். மிளகாய் இந்த நாட்டுக்கு வந்தது பதினாறாம் நூற்றாண்டில், போர்த்துகீசியர் கப்பலில். மிளகு போலக் காரமான காய், ஆகவே மிளகாய். பேரையும் வாங்கிக்கொண்டு இடத்தையும் பிடித்துக்கொண்டது. “நேத்து வந்தது” என்றார் அவர். கோட்டையும் அவருக்கு நேற்று வந்ததுதான்.

டிசம்பர் 19, வியாழன் (மார்கழி 4). ஆற்காடு

ஆறு காடு, ஆற்காடு. பெயருக்கு ஏற்றபடி ஆறு முனிவர் இருந்த ஆறு வனம் என்று பாலாற்றின் இரு கரையிலும் கோயில் சொல்கிறார்கள். காடு எதுவும் கண்ணில் படவில்லை. டெல்லி கேட் படுகிறது. 1751இல் கிளைவ் பிடித்து, முற்றுகையில் ஐம்பது நாள் காத்து நின்ற கோட்டையின் மிச்சம். ஒரு நாட்டின் கணக்கையே மாற்றிய இடத்தைப் பார்த்து முடிக்கப் பத்து நிமிடம் போதுமாயிருக்கிறது.

மக்கன் பேடா பற்றி அதைவிட அதிகம் சொல்லலாம். மைதாவும் கோவாவும் சேர்த்துப் பிசைந்த மாவு, உள்ளே முந்திரி, பாதாம், திராட்சை நொறுக்கல். குலாப் ஜாமூனின் பெரியப்பா என்று நினைத்துவிடக்கூடாது. மாவை அழுத்திப் பிசைந்தால் கெட்டது, சேர்ந்தால் போதும். எண்ணெய் இளஞ்சூட்டில் இருக்க வேண்டும், சூடு ஏறினால் மேலே சிவந்து உள்ளே பச்சை மாவு நிற்கும். பாகு வெதுவெதுப்பாக இருக்கும்போது போட வேண்டும். சரியாக வந்ததை ஸ்பூனால் தொட்டால் உடையும். ஒன்று 25 ரூபாய்.

பிறகு கணக்கு. ஆற்றங்கரைப் படியில் குந்தி, கிழவர் மடி முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஒரு பித்தளை ஆழாக்கு. எட்டு ஆழாக்கு ஒரு படி. படி என்பது ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேல், ஆகவே ஆழாக்கு ஏறக்குறைய இருநூறு மில்லி. நல்ல மிளகு அதில் நூற்றுப்பத்து கிராம் பிடிக்கும். திங்கள், செவ்வாய், புதன், வியாழன்: நாலு ஆழாக்கு, இரண்டு உழக்கு, ஓர் உரி. நானூற்று நாற்பது கிராம். கையில் அரைக் கிலோ. மீதியை அவருக்கே கொடுத்துவிடுவதாகப் பெருந்தன்மையாகச் சொல்லியும் ஆயிற்று.

அவர் அளக்கவில்லை. அகன்ற தட்டு நிறையத் தண்ணீர் கேட்டார். மிளகைக் கொட்டி ஒரு தரம் கலக்கிவிட்டு நிறுத்தினார். நன்றாக முற்றிய மிளகு மூழ்கும். முற்றாத நொய் மிளகு, உள்ளே ஒன்றுமில்லாத சொத்தை, பப்பாளி விதை மூன்றும் மிதக்கும். மிதப்பவற்றில் எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தால் தெரியும்: சொத்தை தூளாகும், பப்பாளி விதை நீள்வட்டமாக இருக்கும், பழுப்புப் பச்சை, கடித்தால் மிளகின் உறைப்பு இராது. தட்டின் மேல்பரப்பு கறுத்துப் போயிருந்தது.

மிதந்ததை ஆற்றில் விட்டார். மூழ்கியதைத் துணியில் பரப்பி வெயிலில் காயவைத்தார். ஈரத்தோடு அளந்தால் பருத்து அதிகம் காட்டும். அது எனக்குச் சாதகம், அவருக்குப் பாதகம், ஆனாலும் காரணம் அதுவல்ல, “ஈர மிளகு பூஞ்சை புடிக்கும்” என்றார். நிழல் சாயும்வரை காத்திருந்தோம். ஆற்றில் துணி துவைத்த பெண்கள் எங்களுக்கு வேர்க்கடலை கொடுத்தார்கள், இரண்டு கை.

தலைதட்டி அளந்தார். ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவது பாதியில் நின்றது.

நல்ல வேண்டுதலுக்கு நாலு கால், என்றார் அப்போது. என்ன வேண்டும், எதுவரை வேண்டும், எப்போது கொடுப்பாய், எந்தத் தரத்தில் கொடுப்பாய். மிளகுக்காரன் அந்தக் காலத்தில் நாலையும் சொன்னானாம். காஞ்சி என்று ஊர் சொன்னான், போய்ச் சேர்ந்த அன்றே என்று நாள் சொன்னான், மூழ்கும் மிளகு என்றும் சொன்னான். “நீ ஒத்தக் கால்ல நிக்க வெச்சிட்டியே நைனா.”

அரை ஆழாக்கு, ஐம்பது ரூபாய்ச் சரக்கு. ஆற்காடு பஜாரில் வாங்கித் தருவதாகச் சொன்னதற்கு ஒப்பவில்லை. கடன் இருக்கும்வரை துணை இருக்கும், துணை இருக்கும் நாளைக்கு ஓர் ஆழாக்கு ஏறும், ஆகவே நாளைக்குக் கேட்டால் ஒன்றரை. கந்துவட்டிக்காரன்கூட இவ்வளவு தெளிவாகச் சொல்லமாட்டான்.

லாட்ஜில் ஒருவருக்கு அறை கேட்டதற்கு இரண்டு தலையணை வைத்திருந்தார்கள். எழுநூறு ரூபாய், வெந்நீர் காலை ஆறிலிருந்து எட்டு வரை.

டிசம்பர் 20, வெள்ளி (மார்கழி 5). ஆற்காடு பஸ் நிலையம்

விடியற்காலையிலேயே மளிகைக் கடை திறக்கக் காத்திருந்து, எண்ணூறு ரூபாய்ச் சாக்கிலிருந்து கால் கிலோ வாங்கியாயிற்று. கடைக்காரரிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு, ஒரு கை மிளகைப் போட்டுப் பார்த்து, எல்லாம் மூழ்கியபின்தான் காசு. அவர் கோபப்படவில்லை. “இப்படிக் கேக்குறவங்க இப்பல்லாம் வர்றதில்ல சார்” என்று டம்ளர் மிளகையும் துடைத்து எடைக்குமேல் போட்டார். இருநூறு ரூபாய். ஒன்றரை ஆழாக்குக்குத் தாராளம்.

நிலையத்தில் பத்து நிமிடம் காத்திருந்தும் கிழவரைக் காணவில்லை. வேலூர் பஸ் கிளம்ப உறுமியது. கைபேசியில் எட்டு மணி. ஏறி உட்கார்ந்து, மிளகுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலோர இருக்கையைக் காலியாக விட்டேன். டீ குடிக்கப் போன ஓட்டுநர் வரத் தாமதம். எட்டு பத்துக்கு வண்டி நகர்ந்தது.

நடத்துநர் விசிலை வாயில் வைத்தபடி வந்தார். டிக்கெட் இயந்திரத்தில் இரண்டை அழுத்திவிட்டு, “எதுவரைக்கும்?” என்றார்.

வாயைத் திறப்பதற்குள் ஜன்னல் பக்கமிருந்து பதில் போயிற்று.

“அவனையே கேளு.”